மூன்றாம் ஓலை

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட மறுவாரம் கிளம்பிய கப்பலில் பிலோமின்ராஜுக்கு ஓர் இடம் கிடைத்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார், விட்டுவிட்டு வர முடியாது. அந்த இடத்தை அப்படியே சிநேகிதன் விக்டருக்குக் கொடுத்தான். அதே கப்பலில்தான் லூர்துராணியும் அவள் அம்மாவும் போனார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவள். அரை டிராயர் காலத்தில் ஒரே கொய்யாப்பழத்தை ஆளுக்கொரு பக்கம் கடித்து, கல்யாணம் என்று முடிவு செய்திருந்தார்கள். அவளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது விக்டர் பொறுப்பு.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு இவன் நடந்து வந்தான். அரக்கான் மலையில் புலி ஒன்று இவன் கோலத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அட்டைகள் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டு ரத்தமும் தேறாமல் மனம் வெறுத்து இறங்கின. திருச்சி ஜங்ஷனில் வந்து நின்றபோது அவனைவிட அவன் நிழல் கொஞ்சம் சதைப்பற்றாக இருந்தது.

திருச்சி விக்டரின் சொந்த ஊர். அவன் கட்டிப் பிடித்து அழுத அழுகையில் காவிரி இரண்டடி ஏறியிருக்கும். மதராஸ் துறைமுகக் கூட்டத்தில் அவர்கள் கை நழுவிவிட்டார்களாம். இந்தப் பக்கம்தான் எங்கோ வந்திருப்பதாகக் கேள்வியாம்.

"கவலைய விடு மாப்ளே. அந்தப் புள்ளயக் கண்டுபிடிக்காம நான் சோறு திங்க மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு அன்று ராத்திரி மூன்று தடவை சோறு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

தேடல் தொடங்கியது. விக்டரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து காட்டூர் முதல் உறையூர் வரை பிலோமின்ராஜ் பார்க்காத வாசல் இல்லை. கடைசியில் விக்டர், குண்டுக்குப் பயந்து வந்தவர்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்தில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள் என்றான். ஞாயிறு விடியலில் பிரசங்கமில்லாத முதல் பூசையைப் பார்த்த கையோடு இவனை அங்கே இறக்கிவிட்டு, தான் திருவானைக்காவல் பக்கம் தேடுவதாகப் போய்விடுவான்.

மூன்றாவது ஞாயிறு, உத்தர வீதியில் சாரங்கபாணி என்ற ரயில்வே குமாஸ்தா இவனை மறித்து யாரைத் தேடுகிறான் என்று விசாரித்தார். பெயரைக் கேட்டதும் நெற்றித் திருமண் விரிசல் விடும் அளவுக்குச் சிரித்தார்.

"லூர்துராணிய உத்தர வீதியில தேடச் சொன்னது யாரு?"

"என் சிநேகிதன்."

"அப்போ நீங்க மொதல்ல அவரைத் தேடுங்கோ."

பிலோமின்ராஜ் பாலத்தைத் தாண்டி வெறும் வயிற்றோடு ஓட்டமும் நடையுமாகப் பாலக்கரை வந்தான். விக்டர் வீட்டில் பூட்டு தொங்கியது. பக்கத்து மாதா கோயிலில் இரண்டாம் பூசை. நுழைந்தபோது அற்புதசாமி சாமியார் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகப்போகிறவர்கள் பெயரை மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்கும் வழக்கம் அது.

"மூன்றாம் ஓலை. ஆரோக்கியம் மகன் விக்டருக்கும், ரங்கூனிலிருந்து வந்த காலஞ்சென்ற சவரிமுத்து மகள் லூர்துராணிக்கும்... தடை அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்."

"இருக்கு சாமி" என்றான் பிலோமின்ராஜ்.

காலமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு தடவையும் பதில் வராத சாமியாருக்கு மூக்குக் கண்ணாடி நழுவியது. பூசை முடிந்ததும் அறைக்கு வரச் சொன்னார்.

அறை ஜன்னல்களில் பாதித் திருச்சி தொங்கியது. விக்டர் தரையைப் பார்த்து நின்றான், அவன் பக்கத்தில் லூர்துராணி. பிலோமின்ராஜுக்கு உள்ளூர நம்பிக்கைதான்: தான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும். கப்பல் இடத்தை, நடந்து வந்ததை, கொய்யாப்பழத்தைக்கூட விடாமல் சாமியாரிடம் சொல்லி முடித்தான். தான் செத்துப்போனதாகச் சொல்லித்தான் விக்டர் அவளை ஏமாற்றியிருப்பான் என்றான்.

சாமியார் லூர்துராணியைப் பார்த்தார்.

"நெசந்தான் சாமி. செத்துட்டாருன்னுதான் சொன்னாங்க. கண்ணு வீங்க அழுதேன்."

"அப்ப, தெரியாமத்தானே சம்மதிச்சே?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"இல்லைங்க சாமி. ஆடி மாசம் காந்தி மார்க்கெட்டுல அவரைப் பார்த்தேன். இவங்க சைக்கிளுக்குப் பின்னால உக்காந்து போனாரு. கை நீட்டுனா எட்டுற தூரந்தான்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டா நின்னுடுவாரு, சாமி."

விக்டரை அறைவதற்கென்று ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுவந்த கை பிலோமின்ராஜுக்குப் பாரமாகத் தொங்கியது. விக்டர் ஒருவன் துரோகம் என்றால் இரண்டு அறையில் தீர்ந்திருக்கும்.

"என்னப்பா, தடைன்னு எழுதிக்கவா?" என்றார் சாமியார்.

"வேணாங்க சாமி. ஆள் மாறிப்போச்சு. நான் தேடி வந்த லூர்துராணி இவங்க இல்லை."

விக்டர் வாசல்வரை பின்னாலேயே வந்து, வெறும் வயிறாக இருப்பாய், சாப்பிட்டுவிட்டாவது போ என்று கெஞ்சினான். பிலோமின்ராஜ் திரும்பவில்லை. கோயிலுக்கு முன்னால் தெரு இரண்டாகப் பிரிந்தது. ரங்கூனிலிருந்து இதுவரை எந்தத் திருப்பத்திலும் அவன் தயங்கி நின்றதில்லை. இங்கே வெயிலில் வெகுநேரம் நின்றான்.