இரும்பு வளர்ந்த பின்னறை

அன்று பின்னறையில் இருந்தவர்கள்: காரின் சொந்தக்காரன், அவன் மனைவி, லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன், பக்கத்து வீட்டுத் தையல்காரர். நால்வரில் யாரும் குடித்திருக்கவில்லை. மணி காலை பத்து. செங்கல் அடுக்கின்மேல் ஏற்றி வைத்திருந்த எஞ்சினின் நடு சிலிண்டருக்குள் அண்ணன் அளவுமானியை இறக்கிப் பார்த்தான், எடுத்தான், துடைத்தான், மறுபடி இறக்கினான். பன்னிரண்டு நாள் முன்பு முப்பது புள்ளி தேய்ந்திருந்த சுவர் இப்போது இருபத்திரண்டு புள்ளிதான் தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் ஒரு மில்லிமீட்டரை நூறாக வெட்டி, அதில் ஒரு துண்டைப் புள்ளி என்பார்கள். மனிதத் தலைமுடி ஏழு எட்டுப் புள்ளி இருக்கும். ஆக, ஒரு தலைமுடி தடிமனுக்கு இரும்பு வளர்ந்திருந்தது. "இரும்பு என்ன தாடியா வளர்றதுக்கு?" என்றார் தையல்காரர். அண்ணன் பட்டறைக்குப் போய் வேறு அளவுமானி எடுத்துவந்தான். அதுவும் இருபத்திரண்டு என்றே காட்டியது. மற்ற இரண்டு சிலிண்டர்களும் அப்படியே.

கார்க்காரன் பதினோரு வருஷம் மில்லில் இரவு ஷிப்டு பார்த்தவன். பகலில் தூக்கம் பிடிக்காத உடம்பு. ஒரு நாள் ஷிப்டு பாதியில் எழுந்து வந்துவிட்டான், மறுநாள் போகவில்லை. கைக்கு வந்ததைப் போட்டுப் பழைய கார் ஒன்று வாங்கினான். ஊருக்கு மேலே மலையில் ஓர் ஆஸ்பத்திரி. தினமும் நோயாளிகளை ஏற்றிப்போகும் வண்டிக்கு அங்கே நிரந்தர ஒப்பந்தம் உண்டு. அவன் வண்டி நாலு பேரோடு மூன்றாவது வளைவில் மூச்சை விட்டுவிடும். நோயாளிகள் இறங்கித் தள்ளுவார்கள். கடைசியில் நோயாளிகள்தான் காரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று ஊரில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகி சிரிக்கவில்லை. வருஷக் கடைசிக்குள் வண்டி தள்ளாமல் ஏறிக் காட்டவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்றார். எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். தேய்ந்த சுவரைக் குடைந்தால் போடவேண்டிய புதுப் பிஸ்டன்களுக்கே கடையில் கேட்ட தொகை அந்த வீட்டின் ஐந்து மாத வாடகை. அதனால் கார்க்காரன் தானே கழுவினான், தானே சுரண்டினான், எமரி உப்புத்தாளால் தேய்த்தான், விடிந்ததிலிருந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இரும்பு வளர்ந்தது அப்படித்தான்.

எதிலிருந்து வளர்ந்தது என்பதைக் கண்டுபிடித்தவள் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். தெருவுக்கே ஊசியக்கா. புருஷன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து ஒரு குழாய் ரத்தம் எடுத்துப்போனாள். போன வருஷம் பதினாலு இருந்த ஹீமோகுளோபின் பதிமூன்றாகியிருந்தது. அடுத்த பன்னிரண்டு நாளில் பன்னிரண்டே சொச்சம். அண்ணன் சிலிண்டரை அளந்த தேதிகளும் அவள் ரத்தம் எடுத்த தேதிகளும் சமையலறை நாள்காட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று ஏற, ஒன்று இறங்கியது. கார்க்காரன் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரம் இரண்டும் அசையவில்லை. தையல்காரரைக் காஜா எடுக்கும் துணியோடு அங்கே உட்காரவைத்துப் பார்த்தாள். நாலு நாளில் இரும்பு மூன்று புள்ளி ஏறியது, அவருக்கு ரத்தம் அரைக்கால் இறங்கியது. "என் ரத்தத்தையா குடிச்சுது? என் வீட்டம்மா குடிச்சது போக மிச்சம் இருந்துச்சா என்ன?" என்று அவரே ஆச்சரியப்பட்டார். ஒரு கிலோ ஆணி வாங்கிப் பக்கத்தில் வைத்தார்கள். எஞ்சின் தொடவில்லை. இரும்புச்சத்து மாத்திரைகளை உள்ளே போட்டார்கள், துருப்பிடித்ததுதான் மிச்சம். ஒரு ஆளின் மொத்த ரத்தத்திலும் ஓர் ஆணிக்கான இரும்புகூடத் தேறாதே, கணக்கு உதைக்கிறதே என்றார் பரிசோதனை நிலையத்து டாக்டர். எஞ்சினுக்குக் கணக்குத் தெரியாது.

அடுத்த மாதம் தேய்மானம் முழுக்க அடைபட்டு சிலிண்டர்கள் புதுசு போலாயின. அவனுக்குப் பதினொன்று. போதும் என்றாள் ஊசியக்கா. பழைய பிஸ்டனையே போட்டு ஓட்டலாம், மாத்திரை சாப்பிட்டால் உடம்பு தேறிவிடும். அங்கேயே நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அந்த வாரம் கார்க்காரன் பழைய இரும்புக் கடையில் எண்ணெய்க் காகிதம் பிரிக்காத மூன்று பிஸ்டன்களைப் பார்த்தான். பெரிய வேன் ஒன்றுக்கானவை. எடைக்கு எடை இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டான் கடைக்காரன். இரண்டு மில்லிமீட்டர் பெரியவை. அதைப் போட்டால் மலை ஒரு மலையே இல்லை. ஆனால் அந்த அளவுக்குக் குடைந்தால் சுவர் பொத்துக்கொண்டு குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். "சுவர்தான் வளருதே மச்சான், வளர்த்துட்டுக் குடைவோம்" என்றான். உள்பக்கம் வளர்ந்து என்ன பயன் என்று அண்ணன் யோசித்து, மூன்று சிலிண்டரிலும் மரக்கட்டையைக் கடைந்து இறுக அடித்தான். உள்ளே இடமில்லாத இரும்பு வெளியே வளர்ந்தது. இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் இரண்டு மில்லிமீட்டர், ஆக ஒவ்வொரு சுவரும் நூறு புள்ளி தடிக்கவேண்டும்.

அறுபது புள்ளி வரைக்கும் கார்க்காரன் ஒருவனே கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் வலி கிடையாது. வெயிலில் நடந்து வந்தவன் நிழலில் காலை நீட்டியதுபோல ஒரு சுகம், அவ்வளவுதான். பதினோரு வருஷம் தூங்காதவன் அங்கே தூங்கினான். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ என்பான், வரமாட்டான். ஒரு நாள் மதியம் அவள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது எஞ்சின்மேல் அவன் தலை சாய்ந்திருந்தது. மூன்று முறை கூப்பிட்டாள், அசையவில்லை. உதடும் நகமும் காகிதம். இரும்பு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தோளில் போட்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஹீமோகுளோபின் ஐந்தரை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் எங்கேதான் போகிறது என்று அங்கே இருந்த டாக்டர் கேட்டதற்கு, "வீட்டுல ஒரு வேலை நடக்குது டாக்டர்" என்றாள். ஒரு வாரம் கழித்து அண்ணன் அளந்தான். எழுபத்திரண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேர் தானமாகக் கொடுத்தது சிலிண்டர் சுவரில் பன்னிரண்டு புள்ளியாக ஏறியிருந்தது. அவள் வேலைக்குப் போன நேரமெல்லாம் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான்.

"அடுத்தவங்க ரத்தத்தைக் கொண்டுபோய் அதுக்கு ஊத்தியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"வண்டி ஓடினா ரெண்டு பேருக்கும்தானே."

"நான் உங்களைக் கட்டிக்கிட்டேன். வண்டியக் கட்டிக்கல."

"இந்த மலை ஏறலன்னா மறுபடி ராத்திரி ஷிப்டுதான். பதினோரு வருஷம் போனேன். அங்க மட்டும் ரத்தம் ஏத்தியா அனுப்பினாங்க?"

அவள் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தாள். பின்னறைக் கதவில் மாட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டாள்.

மிச்சம் இருபத்தெட்டுப் புள்ளியை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். காலையில் அண்ணன், மதியம் தையல்காரர், வேலை விட்டு வந்ததும் அவள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். மடியில் அலாரம் கடிகாரம். மணி அடித்ததும் எழுந்துவிட வேண்டும். எழுந்திருப்பதுதான் அந்த வேலையில் கடினமான பகுதி என்பது முதல் நாளே மூன்று பேருக்கும் தெரிந்தது. தையல்காரர், "மாமியார் வீட்டு விருந்து மாதிரி இருக்கும்மா, எந்திரிக்கவே மனசு வரல" என்றார். கார்க்காரன் வாசல் நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, வெளியே வருகிறவர்களிடம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது நாளில் நூறு ஆனது.

அண்ணன் எஞ்சினைப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் குடைந்தான். இரும்புச் சீவல் சூடாக, சற்றே சிவப்பாக விழுந்தது. கூட்டித் தள்ள அவனுக்குக் கை வரவில்லை. பொட்டலமாகக் கட்டித் தங்கையிடம் நீட்டி, "உன் வீட்டுக்காரர்ல ஒரு கைப்பிடி" என்றான். அவள் சிரிக்கவில்லை, வாங்கி அலமாரியில் வைத்தாள். பிஸ்டன்கள் எண்ணெயில் நழுவி இறங்கின. வருஷம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வண்டி நாலு பேரோடு மலை ஏறியது. மூன்றாவது வளைவில் பழக்கதோஷத்தில் ஒருவர் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை.

ஒப்பந்தத்துக்கு முன் ஓட்டுநருக்கு உடல் பரிசோதனை உண்டு. கார்க்காரனுக்கு ஏழே கால். மாடிப்படி ஐந்து ஏறினால் உட்காரவேண்டும். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்தும் ஏழே முக்கால்தான். அது அதற்குப் பிறகு ஏறவே இல்லை. அதற்குள் ஊசியக்கா ஓட்டக் கற்று, ஒப்பந்தத்தைத் தன் பேரில் எழுதி வாங்கியிருந்தாள். கார்க்காரன் ஒரு மாதம் அந்த வண்டியில் ஏறவில்லை. பிறகு காலையில் டயர்களை அழுத்திப் பார்ப்பதும் கண்ணாடி துடைப்பதும் அவன் வேலையாயின. ஊரில் இப்போதும் அவன்தான் கார்க்காரன்.

இது நடந்து ஆறு வருஷம். பின்னறையின் வெளிச்சுவரை இடித்து இரும்புக் கதவு போட்டு, கார் அங்கேயே நிற்கிறது. ஓடும் எஞ்சின் எதையும் எடுப்பதில்லை. ஓடினால் தேயும், அவ்வளவுதான். நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் தேய்ந்ததை அடைத்துக்கொள்ளும். அதனால் மாதத்துக்கு ஒரு நாள், முதல் ஞாயிறு சாயங்காலம், ஒரு மணி நேரம் யாராவது உட்காரவேண்டும். நகம் வெட்டுவது, தண்ணீர்த்தொட்டி கழுவுவது மாதிரி அதுவும் ஒரு வீட்டு வேலை. மறுநாள், உட்கார்ந்த ஊசியக்காவுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். பத்து நாளில் சரியாகிவிடும்.

போன ஞாயிறும் அவன் கதவருகே வந்து நின்றான். "இந்த மாசம் நான் உக்காரட்டுமா? ஒரு மணி நேரம்தானே."

"உங்களுக்கு எந்திரிக்கத் தெரியாது."

"நீ வெளிய இருந்து கூப்பிடு."

"கூப்பிட்டேன்ல, அன்னிக்கு."

அவள் அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவன் பின்னால் வரமாட்டான் என்று தெரியும். இருந்தாலும் கதவை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.