ஒரு மணி நேர வாத்தியார்

மூன்றாவது முறையும் டை சரியாக விழவில்லை. கீழ்க்கடையில் கார்ப்பெட் விற்கும் பாரி என்ற வெள்ளைக்காரனுக்கு அதைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார் கல்லூரி முதலாளி கார்த்திகேசு. காலை பதினொரு மணிக்கே பாரியிடம் பியர் நாற்றம். கலாவதி ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. லண்டன் நோர்பரியில் ஒரு மாடியில் இயங்கிய அந்த ஆங்கிலக் கல்லூரியில் முப்பது சீன மாணவர்கள். பகலில் பாடம், மாலையில் உணவகங்களில் கோப்பை கழுவும் வேலை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் கற்பித்த கலாவதிதான் அவர்களுக்கு ஒரே ஆசிரியை. அன்று ஷாங்காயிலிருந்து மாணவர்களைச் சேர்த்து அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். அவங்களுக்கு வெள்ளைக்காரன் முகம் வேணும். ஒரு மணி நேரம்தான் லா," என்றார் கார்த்திகேசு. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

"இந்தாளுக்கு ஒரு வசனம் பிழையில்லாமல் எழுத ஏலுமோ?"

"எழுதச் சொல்லலையே. பேசத்தானே போறாரு."

"அப்ப நான் எங்க நிக்கிறது?"

அவர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "டீ மட்டும் போட்டுக் கொண்டாந்துடுங்க."

அவளுடைய சான்றிதழை லண்டனில் வேறு யாரும் மதித்ததில்லை. போய்க் கேத்தலை வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் சத்தத்தையும் தாண்டிப் பாரியின் குரல் கேட்டது. "வீ வாஸ் ஹாப்பி." முப்பது குரல்கள் அதைத் திருப்பிச் சொன்னன. அந்தப் பிழையைத் திருத்த அவளுக்கு ஒரு பாடத் தவணை முழுவதும் பிடித்திருந்தது. காதைப் பொத்த வேண்டும் போலிருந்தது. பொத்தவில்லை, கோப்பைகளை அடுக்கினாள்.

தட்டோடு அவள் உள்ளே போனபோது ஏஜென்ட் அவள் முகத்தைப் பார்க்காமலே தேநீரை எடுத்துக்கொண்டார். முன்வரிசையில் லின் மட்டும் எழுந்து நின்றாள். "நன்றி, டீச்சர்."

"சீனப் பிள்ளைகள் எல்லாரையும் மரியாதையாகத்தான் அழைப்பார்கள்," என்று ஆங்கிலத்தில் சிரித்தார் கார்த்திகேசு. ஏஜென்டும் சிரித்தார். லின் மெல்ல உட்கார்ந்தாள். கலாவதி வெறும் தட்டோடு வெளியே வந்தாள். சிரித்த அந்த இருவரையும்விட, வாய் திறக்காத தன்மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

அன்றே ஒப்பந்தம் ஆகிவிட்டது. ஜனவரியில் அறுபது பேர் வருகிறார்கள் என்றும், அவளுக்கு இன்னும் இரண்டு வகுப்பு உண்டு என்றும் கார்த்திகேசு சொன்னபோது அவள் "ஓம்" என்றாள்.

திங்கட்கிழமை கரும்பலகையில் 'வீ வேர்' என்று எழுதி, இதுதான் சரி என்றாள். யாரும் பேனாவை எடுக்கவில்லை.

லின் தயங்கித் தயங்கிக் கை உயர்த்தினாள். "மன்னியுங்கள் டீச்சர். நீங்கள் எங்களுக்கு நிறையக் கற்றுத் தந்திருக்கிறீர்கள். ஆனால் அவர் ஆங்கிலேயர் அல்லவா?"

ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல் கேட்டாள்.

கலாவதி கரும்பலகைக்குத் திரும்பி 'வேர்' என்பதன் கீழே கோடிட்டாள். சாக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். அப்போது கீழே கார்ப்பெட் கடைப் பக்கமிருந்து படிக்கட்டில் யாரோ ஏறிவரும் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. முப்பது முகங்களும் ஆவலோடு கதவுப் பக்கம் திரும்பின.