முன் சீட்டுக்குப் பின்னால்

என் கணவர் தினகரன் அடியிலிருந்த நெம்புகோலைத் தூக்கி முன் சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளியபோது, அதன் முதுகு குழந்தை சீட்டில் இடித்து அதை நிமிர்த்தியது. உள்ளே பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் மகள் ஆதிரையின் தலை லேசாக ஆடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைத்தான் பார்த்தார்.

“இப்பக் காலு நீட்ட வருதாம்மா?”

“வருது. இவ என்னையப் பொம்மையாட்டம் முன்னால ஒட்ட வெச்சே கூட்டிட்டுப் போயிருவாளோன்னு நெனச்சேன்,” என்றார் என் மாமியார் தங்கமணி.

அன்று மேட்டுப்பாளையத்தில் நாத்தனார் ராஜகுமாரியின் வீடு குடிபுகும் விசேஷம். கோத்தகிரியிலிருந்து மலை இறங்க வேண்டும். ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்க முடியாது, பின்பக்கம் பார்த்து உட்காரும் இந்தச் சீட்டில்தான் கொண்டுபோக வேண்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுடையது சின்னக் கார். டிரைவருக்குப் பின்னால் மாட்டினால் தினகரனின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். நடுவில் மாட்டப் பெல்ட் எட்டாது. மிச்சமிருப்பது இடது பக்கம், அத்தையின் சீட்டுக்குப் பின்னால். கார் வாங்கிய நாளிலிருந்து அது அத்தையின் சீட்தான். அவருக்கு முழங்கால் வலி, பின்னால் உட்கார்ந்தால் வாந்தி. இரண்டும் உண்மை. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் அவர் முன்னால், நான் பின்னால்.

கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தில் இருப்பதுபோல, குழந்தை சீட்டின் பக்கவாட்டில் ஒரு நீர்க்குமிழி உண்டு. அது பச்சைக் கட்டத்துக்குள் நின்றால் சாய்வு சரி. வெளியே போனால் சீட் அதிகம் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். தூங்கும் குழந்தையின் தலை முன்னால் விழுந்து மூச்சு அடைக்கலாம்.

“பாரு, பச்சையிலதான் நிக்குது. இன்னும் என்ன?” என்றார் தினகரன்.

“காரு எறக்கத்துல நிக்குதுங்க. மூக்கு கீழ பாத்துட்டு இருக்குது. சமமான எடத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“போறது பூரா எறக்கந்தானே. மேட்டுப்பாளையம் வரைக்கும் பச்சையிலயேதான் இருக்கும்.”

அவர் கேலி செய்யவில்லை. சரிவில் பிறந்து, சரிவில் நடை பழகி, சரிவில் வீடு கட்டியவர். அவருக்குச் சரிவுதான் தரை.

“கீழ போனதுக்கப்புறம்? திரும்பி மேல ஏறும்போது?”

“அப்ப மடியில வெச்சுக்க. மடி இருக்குதல்ல?”

“அதைய வாடகைக்கு உட்டுட்டா போலிருக்குது,” என்றார் அத்தை, ஜன்னலைப் பார்த்து.

டீ ஃபேக்டரி முற்றத்துக்கு ஓட்டச் சொன்னேன். பச்சை இலை எடை போடும் அந்தச் சிமெண்ட் தளம்தான் எங்கள் பக்கத்தில் சமமான ஒரே இடம். ஓட்டினார். ஒவ்வொரு கியரும் என் மேல் விழுவதுபோல் விழுந்தது.

முற்றத்தில் கார் நின்றதும் குமிழி மெல்ல நகர்ந்தது. பச்சையைத் தாண்டிப் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. ஆதிரையின் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் படிந்தது. மூச்சில் ஒரு சின்னக் கரகரப்பு.

அந்த நொடியில் எனக்குள் முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். நான் சொன்னது நடந்துவிட்டது. கையை நீட்ட ஒரு மூச்சு நேரம் தாமதித்தேன், அவர் திரும்பிப் பார்க்கட்டும் என்று. அப்புறம்தான் தாடைக்கடியில் விரல் கொடுத்துத் தலையைத் தூக்கினேன். அந்தத் தாமதத்தை யாரும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும். அது தெரிந்ததால் அவர்கள் இருவர் மேலும் இன்னும் கோபம் வந்தது.

“பாத்தீங்களா?”

பார்த்தார். முகம் மாறியது. ஆனால் அம்மா பக்கத்தில் இருந்தார்.

“ஒரு மணி நேரந்தானே ரஞ்சனி. தலையப் புடிச்சுட்டே வா.”

“அத்தை பின்னால உக்காரட்டுங்க. சீட்ட முன்னால தள்ளிட்டு நான் அங்க மடங்கி உக்காந்துக்கறேன்.”

“வாந்தி எடுத்துட்டு மக ஊட்டுக்குப் போயி நிக்கோணும், அதானே உனக்கு?” அத்தையின் குரல் உயரவில்லை. “மூணு வருசமா இந்தச் சீட்டு மேலதான் உங்கண்ணு. கொழந்தைய வெச்சுக் கேக்கற.”

அதில் பொய் எவ்வளவு என்று தேடினேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பெல்ட்டை அவிழ்த்தேன். ஆதிரையோடு சேர்த்துச் சீட்டைத் தூக்கி இறக்கிச் சிமெண்ட் தரையில் வைத்தேன்.

“நீங்க போயிட்டு வாங்க.”

“வெளையாடறயா? அங்க எல்லாருங் கேப்பாங்க. என்னன்னு சொல்றது?”

“கார்ல எடமில்லீன்னு சொல்லுங்க.”

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வா என்றோ இறங்கும்மா என்றோ, எதற்கும் நான் உடைந்திருப்பேன். காருக்குள் முன் சீட் பல் பல்லாகக் கடைசிவரை பின்னால் போகும் சத்தம் கேட்டது. அத்தை கால் நீட்டிக்கொண்டார். தினகரன் ஏறி உட்கார்ந்தார்.

கார் ஃபேக்டரி கேட் வரை போய் நின்றது. இடது பக்கம் மேட்டுப்பாளையம் ரோடு. வலது பக்கம் திரும்பி வளைந்தால் எங்கள் வீடு. எந்தப் பக்கத்து இண்டிகேட்டரும் போடவில்லை. பிரேக் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது. எதிரே இலை மூட்டைகளோடு உள்ளே வர வேண்டிய வண்டி, வழி கிடைக்காமல், விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.