நாற்பது டோக்கன்

...என்ன வாய் இந்த ஆளுக்கு, பாதுகாப்பு அதிகாரியாம், கப்பல் கட்டும் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி டோக்கன் பலகையைத் தடவித் தடவிக் காட்டுகிறான், "உள்ள போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு டோக்கன், வெளிய வந்ததும் இந்த ஆணியில மாட்டணும், அத்தனையும் வந்தாத்தான் கப்பல் தொட்டியை மூடுவோம், இங்க தப்பே நடக்காது"... நடக்காதா, டீச்சர் அந்த ஆணிகளை முறைத்தாள், அப்படியானால் என் தம்பி எங்கேடா? பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே தளத்தில், கப்பலின் அடித்தொட்டிக்குள் பெயின்ட் அடிக்க இறங்கினான், அன்றைக்கு மட்டும் வந்த ஆள், ஒருநாள் ஆள்தானே, எதுக்கு டோக்கன் என்று மேஸ்திரி சும்மா உள்ளே விட்டான், சாயங்காலம் டோக்கனை எண்ணினார்கள், சரியாக இருந்தது, மூடியைத் திருகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள், பாவிகள். இந்த இடத்துக்கு அழைத்து வர வேறு டீச்சரா இல்லை பள்ளியில்? தலைமையாசிரியரிடம் முடியாது என்று சொல்ல இவளுக்குத்தான் வாய் வரவில்லை.

"டீச்சர், இவ்ளோ இரும்பு எப்படி மிதக்குது?" கேள்விக்காரிதான், வகுப்பில் அப்படித்தான் பெயர் அவளுக்கு, பட்டியலில் பெயர் இல்லாமல் கடைசி நேரத்தில் அழுதுகொண்டே பஸ் ஏறியவள், டீச்சர்தான் மனசு கேட்காமல் ஏற்றிக்கொண்டாள்... தலைக்கு மேல் பாதி கட்டிய கப்பல், தகடு தகடாக, வெல்டிங் பொறி கொட்டுகிறது, இதில் எந்தத் தகட்டுக்குப் பின்னால் எவன் இருக்கிறானோ. "அந்த ஓட்டைக்குள்ள என்ன டீச்சர் இருக்கு? எட்டிப் பாக்கவா?" எரிந்து விழுந்தாள், "சும்மா தொணதொணக்காதே, போ அந்தப் பக்கம்!" பிள்ளையின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும், அதிகாரி இன்னும் சிரித்துக்கொண்டே பேசுகிறான், அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டால் என்ன, கேட்கவில்லை, இந்தத் தடவையும் கேட்கவில்லை.

வாசலில் காவலாளி ஆணிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "நாற்பது, சரியா இருக்கு டீச்சர், பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்க." தலையாட்டினாள், சீக்கிரம் இங்கிருந்து போனால் போதும், முன் இருக்கையில் சாய்ந்தாள், டிரைவர் கதவைச் சாத்தினார், பின்னால் பாட்டு, கைதட்டல், யாரோ தண்ணீர் பாட்டிலைத் தட்டுகிறார்கள்... ஆனாலும் ஏதோ குறைகிறதே, என்ன அது? இவ்வளவு நேரமாக ஒருத்தியும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்பது டோக்கன், நாற்பது பெயர், எல்லாம் சரி... காலையில் இதே வாசலில், "ஒரு பிள்ளைதானேங்க, அதுக்கு எதுக்கு டோக்கன்" என்று காவலாளியிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இவள்தானே?