செவ்வாய்க்கிழமை அடிகள்

மகாலட்சுமியின் முதுகிலிருந்து வெளியே வந்த முதல் அடி, மஞ்சூர் கிளினிக்கின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய், எதிர்ச் சரிவில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்றை முறித்துப் போட்டது. அன்று காலையிலிருந்தே மஞ்சூரில் நல்ல வெயில் என்பதால் ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு; கிளை முறிந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகாலட்சுமி கொழுந்து பறிக்கிறவள். அவள் முதுகில் கை வைத்திருந்த எல்சா, குன்னூரில் இருந்த ஆஸ்டியோபதி கல்லூரியின் கடைசி வருஷ மாணவி. ஊசி மருந்து இல்லாமல், கையாலேயே எலும்பையும் தசையையும் தொட்டுப் பார்த்து, அமுக்கி, இழுத்து, இளக்குகிற படிப்பு அது. மலையில் எல்லோரும் அதை எலும்பு காலேஜ் என்றார்கள். மாணவர்களுக்குக் கை பழக வேண்டும் என்பதற்காகக் கல்லூரி, மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே சும்மா கிடந்த உருளைக்கிழங்குக் கிடங்கைப் பிடித்து, உள்ளே ஆறு மேசைகளைப் போட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் இலவசமாக வைத்தியம் பார்த்தது. மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. ஷிஜோ என்ற அந்த ஆசிரியர், கூடலூர்க்காரர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், கண்ணாடி உடைந்தபோது கீழே டீக்கடையில் இருந்தார்.

அவர் மேலே ஓடி வந்து, என்னத்தை எறிந்தீர்கள் என்று கேட்டார்.

"எறியலைங்க சார்," என்றாள் எல்சா. "தோள்பட்டைக்குக் கீழ ஒரு முடிச்சு இருந்துச்சு. அமுக்கிப் புடிச்சேன். கைக்கு நடுவுல பூந்து போயிருச்சு."

மகாலட்சுமி எழுந்து உட்கார்ந்து வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தூக்கினாள். "அது போன ஆடிக்கு முந்தின ஆடியில வாங்கினதுங்க," என்றாள். "வெறகுக்கட்டை."

அடுத்த வாரங்களில் ஆறு மேசைகளிலும் அடிகள் வெளியேறத் தொடங்கின. எல்சாவின் மேசையில்தான் அதிகம். காட்டெருமை முட்டிய ஒரு வாட்ச்மேனின் விலாவிலிருந்து வந்த முட்டு, கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு தேயிலைக்குள் வெகுதூரம் ஓடியது; அது போன தடத்தில் செடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்ததை வனத்துறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்டேஷனில் ஒருவன் வாங்கிய லத்தியடிகள் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு வாங்கிக்கொண்டு அடிப்பதுபோல இடைவெளி விட்டு வந்தன. குறுக்கே நின்ற மாணவி ஒருத்திக்கு முன்கை முறிந்தது. சிலோனிலிருந்து திரும்பி வந்த ராசு என்ற பெரியவரின் பிடரியிலிருந்து வந்தது மட்டும் உடனே வெளியே போகவில்லை. மண்ணெண்ணெய் வாடையோடு அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. "இது இங்கத்த அடி இல்ல புள்ள," என்றார் ராசு. "கண்டிப் பக்கம் தோட்டத்துல எங்க லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்ச அன்னைக்குப் பட்டது. அடிச்சவன் எங்க இருக்கானோ." கடைசியில் அது தென்கிழக்கு மூலைச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டு போனது. போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் வாடை போக ஒரு மழைக்காலம் ஆயிற்று. ஷிஜோ அதற்குப் பிறகு அறைக்குள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் நின்றார்.

அடிகள் எங்கே போகின்றன என்பது மகாலட்சுமியின் கணவன் தினேஷ்குமார் மூலம் தெரிந்தது. டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன். மழை நாளில் மனைவியைக் கூட்டிப்போகக் குடையோடு வந்து வாசலில் நின்றான். அப்போது எல்சா அவளுடைய தாடையின் கீழ் விரலை வைத்திருந்தாள். கன்னத்தில் வாங்கிய அறை ஒன்று வெளியே வந்து, ஜன்னலை நோக்கிக் கிளம்பியது. பாதி வழியில் நின்று திரும்பி வாசலுக்குப் போய், தினேஷ்குமாரின் கன்னத்தில் விழுந்தது. அவன் குடையோடு படியில் உருண்டு, பற்களைக் கையில் துப்பினான். மகாலட்சுமி மேசையில் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் இருக்குதுங்க," என்றாள் எல்சாவிடம், "இடுப்புல."

அடி அடித்தவனிடமே போகிறது, தூரம் அதற்கு ஒரு பொருட்டல்ல என்பது ஒரு மாதத்தில் குந்தாப் பகுதி முழுவதும் தெரிந்துவிட்டது. பிக்கட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒருவன் கால்வாயில் தூக்கி வீசப்பட்டான். ஊட்டியில் கல்யாணப் பந்தியில் இருந்த ஒருவனுக்கு இலையிலேயே மூக்கு உடைந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஆண்கள் கூட்டமாக இரும்புக் குழாய்களோடு கிளினிக்கை உடைக்க மேலேறி வந்தார்கள். உள்ளே மேசைகளில் பெண்கள் படுத்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் கிடங்கு மூலையில் கிடந்த பழைய கட்டில்களை இழுத்து வாசலை அடைத்தார்கள். "கையை எடுக்கண்டா," என்று ஷிஜோ ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார். பயத்தில் அவருக்குத் தமிழ் குறைந்து மலையாளம் வந்துவிடும். மாணவர்கள் கையை எடுக்கவில்லை. முதல் குழாய் கட்டிலில் விழுந்த அதே நேரம் ஆறு உடம்புகளிலிருந்தும் அடிகள் கிளம்பி, கட்டில்களைத் தாண்டிப் போய், ஒவ்வொன்றும் தன் ஆளைத் தேடிப் பிடித்தது. காறை எலும்புகள் முறிகிற சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. பாதை முழுக்க ரத்தம். வந்தவர்களில் ஒரே ஒருவன் மட்டும் ஒரு காயமும் இல்லாமல் குழாயோடு நின்றான். அவன் வெட்கப்பட்டு, மற்றவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி ஜீப்பில் ஏற்றினான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் மேலே ஏறாமல், பஸ் ஸ்டாண்டிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஆண்களில் வசதிப்பட்டவர்கள் திங்கட்கிழமை மாலையே, கூடலூரைத் தாண்டி இருக்கும் தேவாலாவுக்குப் பஸ் ஏறினார்கள். தேவாலா மழை அடர்த்தியானது, அதைத் துளைத்துக்கொண்டு அடி வராது என்று ஒரு பேச்சு இருந்தது.

வீரம்மா கிளினிக்குக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐம்பது வயதைத் தாண்டியவள், தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவள்; இடது கால் மரத்துப்போய்க்கொண்டே வந்தது, கழியில்லாமல் நடக்க முடியாது. எல்சா முதல் நாள் அவள் கழுத்தைத் தொட்டதும் ஓர் அறை கிளம்பி, ஜன்னல் வழியாகக் குன்னூர் திசையில் போயிற்று. மாலையில் எல்சா குன்னூரில் இருந்த வீட்டுக்குப் போனபோது, அவளுடைய அப்பா மனுவேல் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றார். அடுத்த வாரம் வீரம்மாவின் தோளிலிருந்து ஒரு தடியடி போனது. மனுவேலால் அன்று சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. எல்சா அவருக்கு ஊட்டிவிட்டாள். மனுவேல் தோட்டத்தில் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதா கோயிலில் பூசையின்போது வாசகம் வாசிக்கிறவர். எல்சாவின் அம்மா இறந்த பிறகு, பள்ளிக்கூடம் போகிற மகளுக்குத் தினமும் இரட்டைச் சடை பின்னிவிட்டவர். வகிடு கோணாமல் எடுப்பார்.

"வீரம்மான்னு ஒருத்தங்களைத் தெரியுமாங்கப்பா?" என்று கேட்டாள்.

மனுவேல் வெகுநேரம் மென்றார். "அப்ப வேலைன்னா அப்படித்தான் இருந்துச்சு பாப்பா," என்றார். "தொரை என்னைய கேப்பாரு. நான் அவுங்களைக் கேக்கோணும்."

மூன்றாவது வாரம், வீரம்மாவின் இடுப்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, அசையாமல், தசை இளகும்வரை காத்திருந்தபோது, எல்சாவுக்கு உதை தட்டுப்பட்டது. பூட்ஸ் போட்ட உதை. அடிமுதுகின் எலும்புக்குள் சுருண்டு, மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அவள் முகம் மாறியதை வீரம்மா பார்த்துவிட்டாள். "அதுதானுங்க அம்மிணி," என்றாள், கூரையைப் பார்த்தபடி. "ஏழாம் மாசம். நிக்க முடியாம செடிக்கு நடுவுல குத்த வெச்சுட்டனுங்க. பின்னால இருந்து ஒதைச்சாரு. அன்னைக்கே போயிருச்சு, பையன். அவரு பொண்ணுதானுங்க நீங்க? வந்த அன்னைக்கே தெரிஞ்சுது. மூக்கு அப்படியே இருக்குது."

எல்சாவின் கை அடியில் இருந்தது. அந்த உதை வெளியே போனால் எங்கே போகும், அறுபது தாண்டிய ஓர் இடுப்பில் எப்படி விழும் என்பதை நான்கு வருஷம் எலும்பு படித்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வகிடு எடுக்கும்போது காதோரம் படுகிற அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அன்று அவள் உதையை வெளியே எடுக்கவில்லை. விரல் நுனிகளைச் சேர்த்து, முழு பலத்தோடு உள்ளே தள்ளினாள். வீரம்மா போட்ட அலறலில் மற்ற மேசைகளில் கைகள் நின்றன. இடது பாதம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகியது.

"தள்ளிட்டீங்களா?" என்று கேட்டாள் வீரம்மா, மூச்சு திரும்பியதும். வீரம்மா கழியை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து இறங்கிப் போனாள்.

ஷிஜோ ஹெல்மெட்டைக் கழற்றினார். "நான் கண்டு, எல்சா, நீ தள்ளினதை," என்றார். "வீட்டு ஆளு சம்பந்தப்பட்டா வேற ஸ்டூடண்ட்டுக்குக் குடுக்கணும். அதுதான் ரூல். நான் முதல் வாரமே கேட்டிருக்கணும், கேட்கல." அடுத்த செவ்வாய்க்கிழமை வீரம்மா வந்தபோது, அவரே கை வைத்துப் பார்த்தார். பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள். உதை யாருடைய கைக்கும் அசையவில்லை. பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. ஊட்டிப் பெரியாஸ்பத்திரியில் காலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மிணி," என்றாள் வீரம்மா, சுவரோடு நின்ற எல்சாவிடம். "நீங்களே தள்ளினது. உங்க கைக்குத்தான் வருமாட்ட இருக்குது."

எல்சா வெளியே போய் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் முந்தின நாளே தேவாலாவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பத் துணி எடுத்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியும். போனில் பஸ் இரைச்சல் கேட்டது; நடுவட்டம் தாண்டிவிட்டதாகச் சொன்னார்.

"இன்னைக்கு எடுக்கப் போறேங்கப்பா. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் படுத்துக்குங்க. கீழ படுத்திருந்தா கொஞ்சம் கம்மியா விழும்."

"தேவாலா போயிட்டா ஒண்ணும் ஆகாது பாப்பா," என்றார் மனுவேல். "ஒரு மணி நேரம் பொறுத்துக்க."

வீரம்மாவின் பாதத்தில் மூன்றாவது விரல் கறுத்துக்கொண்டிருந்தது. எல்சா உள்ளே போனாள். ஷிஜோ ஹெல்மெட் இல்லாமல் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, தன் கைகளை அவள் தோள்களில் வைத்துக்கொண்டார், அவள் விழாமலிருக்க. அவள் உள்ளங்கையைக் கொடுத்து, கண்ணை மூடி, தள்ளிய வழியிலேயே திரும்பிப் போய் உதையைப் பிடித்து இழுத்தாள். அது வந்தபோது மேசை இரண்டாகப் பிளந்தது. எல்சாவின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கூரைத் தகரம் சுருண்டு எழும்ப, உதை அவலாஞ்சிக் காட்டுக்கு மேலாக வடமேற்கே போனது; போன வழியில் மேகம் பிளந்து கிடந்ததை வெகுநேரம் பார்க்க முடிந்தது. கூடலூர் இறக்கத்தில் ஒரு வளைவில் பஸ்ஸைப் பிடித்தது. ஜன்னல் சீட்டிலிருந்த மனுவேலைப் பின்னாலிருந்து உதைத்து, முன் சீட்டுக் கம்பியோடு சேர்த்து மடக்கியது. பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த முட்டைத் தட்டில் ஒரு முட்டைகூட உடையவில்லை. கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார்.

மனுவேல் சாகவில்லை. இடுப்பெலும்பு நான்கு துண்டாகி, ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். மகளோடு அந்த மாதங்களில் பேசவில்லை. அவள் கட்டுப்போட்ட கையோடு வந்து ஊட்டும்போது மட்டும் வாயைத் திறந்தார். வீரம்மாவின் கறுத்த விரல்களில் இரண்டு பிழைத்தன, ஒன்று போனது. அவள் கழியை விட்டுவிட்டாள். இறந்து பிறந்த பையனுக்கு ஒரு பெயர் வைத்து, மஞ்சூர் கோயிலில் அர்ச்சனை செய்தாள் என்று மகாலட்சுமி சொன்னாள்.

எல்சா படிப்பை முடித்து அதே கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். தேவாலா மழையைப் பற்றிய நம்பிக்கை போய்விட்டதால் ஆண்கள் இப்போது எங்கேயும் ஓடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மஞ்சூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சுகளை எடுத்துவிட்டுத் தரையில் சாக்கு விரித்திருப்பார்கள். விழுந்தால் உயரம் குறைவு என்று ஆண்கள் அதில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நடுவில் ஒருவன் பக்கவாட்டில் சாய்ந்தால், மற்றவர்கள் அவன் டம்ளரை மட்டும் எடுத்து ஓரமாக வைப்பார்கள்.

மனுவேலும் செவ்வாய்க்கிழமை வருகிறார், தாங்குகட்டைகளோடு. இந்தக் காயத்துக்கு மலையில் வேறு வைத்தியம் இல்லை. வாசல் பெஞ்சில் மற்றவர்களோடு வரிசையில் உட்காருவார். சில வாரம் பக்கத்தில் வீரம்மா இருப்பாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை, இடம் போதாவிட்டால் வீரம்மா கொஞ்சம் தள்ளி உட்காருவாள். அவர் முறை வந்ததும் எல்சா உள்ளங்கையை அவர் இடுப்புக்கு அடியில் கொடுத்துப் பார்ப்பாள். உதை அங்கேதான் இருக்கும், அடங்கி. எப்படி அமுக்கினாலும் அசையாது. அவள் அதை விட்டுவிட்டு மேலே முதுகையும் கீழே தொடையையும் பிடித்துவிடுவாள்.

"எடுத்துற முடியாதா பாப்பா?" என்று ஒரு தடவை கேட்டார்.

"அது உங்களுதுங்கப்பா," என்றாள் எல்சா.

ஷிஜோ வந்து நின்று, அடுத்த பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். மனுவேல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.