தேங்காய் ஓட்டில் ஒரு பின்

சனிக்கிழமை சாயங்காலம் இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் நின்றிருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது.

ஜினகுமார் தன் பழைய ராஜ்தூத் மோட்டார்சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரேக் கட்டை தேய்ந்துபோய் இரும்பும் இரும்பும் உரசிக் கத்தின. மறுநாள் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து வாலாஜாபாத் போக வேண்டும். என்ன காரியமாக என்பது தங்கை சுகுமாரிக்குத் தெரியும். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க. திருப்பருத்திக்குன்றத்தில் வேர்க்கடலை போட்டுப் பிழைக்கிற அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். மெட்ராஸில் ஹாஸ்டல் சோறு தின்று பௌதிகம் படித்துவிட்டு வந்து, வேலைக்கு எழுதிப் போட்டபடி இருந்தாள். கல்யாணத்துக்கு அவளைத் தவிர எல்லோருக்கும் அவசரம்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் இயந்திரம் என்றால் அவளுக்கு ஆசை. அண்ணன் கழற்றிப் போட்டதையெல்லாம் கெரசினில் கழுவித் தேங்காய் ஓட்டில் சேர்த்து வைத்தாள்.

"பொழுது சாயுது. கை கழுவிக்கினு வாங்கப்பா," என்று அம்மா ஜ்வாலாமாலினி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

ஜைன வீடு. சூரியன் இறங்கிவிட்டால் ஒரு பருக்கைகூட வாயில் படாது. தவறினால் பட்டினிதான்.

சக்கரம் ஏறியாயிற்று. பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்து வைக்கும் இரும்புப் பட்டைதான் பாக்கி. ஜினகுமார் அதன் போல்ட்டில் நட்டை விரலாலேயே திருகி ஏற்றிவிட்டு எழுந்தான்.

"இறுக்கல," என்றாள் சுகுமாரி.

"சாப்பிட்டு வந்து இறுக்குறேன்."

"நீ போய்ச் சாப்புடு. நான் இறுக்குறேன்."

"நீ கை வெச்சா மரை போயிடும். காலேஜுல ஸ்பானர் புடிக்கக்கூட சொல்லித் தந்தாங்களா இன்னா?"

அவள் ஸ்பானரைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. ஜினகுமார் லாந்தரை எடுத்தான். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மழ பேஞ்சிருக்குது. ஈசல் பறக்குது. வெளக்க வெளிய எடுத்துக்கினு போனா அத்தினியும் வந்து வுழுந்து சாவும். காலைல பாத்துக்கோ."

"சரிம்மா," என்று லாந்தரை வைத்துவிட்டான்.

"இந்த வூட்டுல ஈசலுக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு சுகுமாரி படுக்கப் போனாள்.

விடியற்காலையில் வண்டியைக் கிளப்பும் சத்தம் அவளை எழுப்பியது. ஜன்னலருகே அம்மா குரல் கேட்டது. "சுகுமாரி, போய்ட்டு வர்றோம்மா."

அவள் போர்வையை விலக்கவில்லை. "போய்த் தொலைங்க," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவ வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தேங்காய் ஓட்டில் அந்த நட்டுக்குப் போட வேண்டிய பின் கிடந்தது. இரண்டு கால் உள்ள சின்னக் கம்பி. நட்டு திரும்பிக் கழன்றுவிடாமல் போல்ட்டின் துளையில் கோர்த்துக் காலை மடக்கிவிட வேண்டியது. பக்கத்தில் ஸ்பானர், நேற்று அவள் போட்ட இடத்திலேயே, பனியில் நனைந்திருந்தது. அதை யாரும் தொடவே இல்லை.

விரலால் திருகிய நட்டு எத்தனை தூரம் தாங்கும்? அது விழுந்தால் பட்டை கழலும். பிரேக்கை மிதித்ததும் தட்டு சுற்றிச் சக்கரத்தைச் சிக்க வைக்கும். வேகவதி ஆற்றைத் தாண்டினால் பிள்ளையார்பாளையம். இந்த நேரத்துக்கு அங்கே தெருவை அடைத்துத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருப்பார்கள். நூலுக்கு இருபுறமும் ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். அங்கே பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். பின்னால் ஒருக்களித்து அம்மா உட்கார்ந்திருப்பாள், பிடிமானம் இல்லாமல்.

அப்பா இருந்தபோது ஓட்டிய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னையும் ஸ்பானரையும் குறட்டையும் துண்டில் முடிந்துகொண்டு ஏறி மிதித்தாள்.

"இன்னாடி, மாப்ள வூட்டுக்கு நீயே கெளம்பிட்டியா?" என்றாள் எதிரே தண்ணீர் தூக்கி வந்த கங்கையம்மாள்.

சுகுமாரி இன்னும் வேகமாக மிதித்தாள். தொலைங்க என்று சொன்ன வார்த்தை நாக்கில் கெரசின் மாதிரி ஒட்டியிருந்தது. துப்பினாலும் போகவில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கமே அவர்களைப் பார்த்துவிட்டாள். முதலில் நம்பவில்லை. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் அம்மா, சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தாள். மண்பாதை முழுக்க மரவட்டை. மழைக்குப் பிறகு கூட்டங்கூட்டமாக வெளிவந்து மெதுவாகப் பாதையைக் கடந்துகொண்டிருந்தன.

"நீ எதுக்கு வந்த?" என்றான் ஜினகுமார், வேர்த்து விறுவிறுத்து. "ஊர் தாண்டினதுமே எறங்கிட்டாங்க. மரவட்ட மேல ஏத்தக்கூடாதாம். இப்பிடியே தள்ளிக்கினு போனா மாப்ளைக்குக் கொழந்தயே பொறந்துடும்."

சுகுமாரி சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிப் பின்சக்கரத்தருகே குந்தினாள். நட்டு போல்ட்டின் நுனிக்கு வந்திருந்தது. விரல் பட்டதும் உள்ளங்கையில் விழுந்தது.

அதையும் பின்னையும் சேர்த்து அண்ணனிடம் நீட்டினாள். அவன் அவற்றைப் பார்த்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மறந்தே பூட்டேன்," என்றான். "அம்மா மட்டும் எறங்கலன்னா..."

வழி நெடுக அவனைத் திட்டுவதற்கென்று அவள் நிறைய சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அதெல்லாம் மறந்துபோயிற்று. மூச்சுதான் வந்தது, பெரிது பெரிதாக.

"குடு," என்று அவன் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டான். அவள் பட்டையை இழுத்துப் பொருத்தி, நட்டை ஏற்றி, ஸ்பானரில் முழங்கை வலிக்கும்வரை இறுக்கினாள். மரை போகவில்லை. பின்னைக் கோர்த்துக் குறட்டால் இரண்டு காலையும் பிரித்து மடக்கினாள். ஜினகுமார் வண்டியைத் தள்ளிப் பிரேக்கை மிதித்தான். சக்கரம் சொன்ன இடத்தில் நின்றது. இன்னொரு முறை தள்ளி மிதித்தான். நின்றது.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒரு பின்னு போட வுட்டுப் போச்சு. அது இல்லாம பிள்ளையார்பாளையம் போயிருந்தா..."

"தொலஞ்சிருப்போம்," என்று முடித்தாள் அம்மா.

சுகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"தெருவுக்கே வுழுந்துச்சு," என்றாள் அம்மா. மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த கருப்பு எண்ணெயை முந்தானையால் துடைத்தாள். "வா, எழுந்திரு. தொலயலடி. இங்கதான இருக்கோம்."

"ம்மா."

"இன்னா."

"போய்ட்டு வாங்க."

"மாப்ளயப் பாத்துட்டா?"

"பாத்துட்டே வாங்க. எனக்குப் புடிக்கலன்னா வேணாம்னு சொல்லுவேன். அது வேற."

"அது எனக்குத் தெரியாதா," என்று அம்மா வண்டியில் ஏறினாள். இனி ஆற்றங்கரை மணல்தான்; அங்கே மரவட்டை இல்லை.

"அடுத்த தபா நீயே இறுக்கிடு," என்றான் ஜினகுமார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அடுத்த தபா இல்ல. இனிமே எப்பவும்."

அவன் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அவள் அங்கேயே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். வண்டிச் சத்தம் ஆற்றைத் தாண்டியது, மேட்டில் ஏறியது, தெருவுக்குள் போனது. பிறகு தணிந்து நின்றது. பாவு நீட்டியிருக்கிறார்கள் போல. யாரோ எதையோ சத்தமாகச் சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள். திரும்ப எஞ்சின் கிளம்பிப் போனது.

கரையில் உட்கார்ந்து மணலை அள்ளிக் கையில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. சைக்கிளை நிமிர்த்தி ஏறப் போனவள், வரும்போது எத்தனை மரவட்டைமேல் ஏற்றினோமோ என்று நினைத்தாள். காலைத் திரும்பக் கீழே வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.