ஒரு எட்டு பின்னால

கனிஷ்காவின் நிச்சயதார்த்தத்துக்கு இனியவன் வரலாம் என்று அண்ணாதுரை ஒருவழியாகச் சம்மதித்தார். ஆனால் வீட்டின் மூத்த மாப்பிள்ளையாக அல்ல, போட்டோகிராபராக.

இந்தச் செய்தியைப் பிரவீனாவுக்குப் போனில் சொன்னவள் அவளுடைய தங்கை கனிஷ்காவேதான். "இனியவன் மாமா போட்டோ எடுத்தாத்தான் மேடை ஏறுவேன்னு ஒரே பிடியா நின்னுட்டேங்கா. அப்பா ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்தாரு. அப்புறம், 'வேலைக்கு வந்தவனா வரட்டும், வேலைய முடிச்சிட்டுப் போவட்டும்'னாரு. மாப்ள வூட்ல கேட்டா, பெரிய மாப்ளைக்கு லீவு கிடைக்கலன்னு சொல்லிக்குவாராம். கோச்சிக்காதக்கா."

பிரவீனா கோபித்துக்கொள்ளத்தான் செய்தாள். இனியவனோ சிரித்தான். "மண்டபத்துக்குள்ள விடுதாருல்ல? ரெண்டு வருசத்துல இதுவே பெரிய முன்னேற்றம்" என்றான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால்தான் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. ஒரே கம்பெனி பஸ், அடுத்தடுத்த இருக்கை. பழக்கம் காதலாக அதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம், காதுகுத்து என்று கேமராவோடு கிளம்பிவிடுவான். அவளோ பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா அண்ணாதுரை வேறொரு தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி. உள்ளே போகிறவர்களின் செல்போன் கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டுவது அவருடைய முக்கிய வேலை. கல்யாணச் செய்தி தெரிந்த அன்று அவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவியது: "ஊர்ல கீற கேமராவுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுறேன். எங்கூட்டுப் பொண்ணு கேமராக்காரனயே இட்டுகினு போயிட்டா!"

அதற்குப் பிறகு அவர் இனியவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மகளிடம் மட்டும், அதுவும் மனைவி லீலாம்மாவின் வற்புறுத்தலால், நாலு வார்த்தை பேசுவார்.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சோதனை வந்தது. பைக்கிலிருந்து கேமரா பை சரிந்து தரையில் விழுந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸுக்குள் மட்டும் எதுவோ கழன்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் கர்ரென்று இழுத்துவிட்டு நின்றுபோனது. தானாக ஃபோகஸ் பிடிக்கும் வேலையை அது விட்டேவிட்டது. முகூர்த்த நாள் என்பதால் வாடகைக்கும் வேறு லென்ஸ் கிடைக்கவில்லை.

"இனிமே கையால திருகித்தான் எடுக்கணும்" என்றான் இனியவன். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிக் காட்டினான். "இந்தா, நீ தெளிவா தெரியுத. இந்தா, மங்கிட்ட. யார் தெளிவா தெரியணும்னு கேமரா முடிவு பண்ணாது. நாமதான் பண்ணணும்."

"உன்னால முடியுமா?"

"நிக்கிற ஆளுன்னா முடியும். நடக்கிற ஆளுன்னாதான் கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்பே இருவரும் படப்பையிலிருந்த அந்தச் சின்ன மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மேடையின் நடுவில் தட்டு மாற்றப்போகும் இடத்தில் பிரவீனா ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, திரையில் அவள் முகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தான் இனியவன். கண்ணிமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்ததும் "சரி" என்றான்.

"அப்படியே இரு" என்று ஓடி வந்தாள் பிரவீனா. கைப்பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் மார்க்கரை எடுத்து, வளையத்தையும் லென்ஸின் உடம்பையும் சேர்த்து நறுக்கென்று ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

கம்பெனியில், பாகங்களைப் பூட்டும் லைனில் அவள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். போல்ட்டை மெஷினால் இறுக்க வேண்டும். போல்ட் தலையிலிருந்து அடித்தகடுவரை ஒரு மஞ்சள் கோடு போட வேண்டும். கோடு நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை என்று அர்த்தம். அடுத்த ஆள் அதைத் தொடவே வேண்டாம்.

"அடிப்பாவி, லென்ஸ்லயா?"

"இதுக்கு மேல எவனும் குழம்பத் தேவயில்ல. கோட்டுக்குக் கோடு சேந்துச்சா, ஓகே. அப்பா முன்னாடி நிக்கறப்ப உனக்குக் கை நடுங்கும். எனக்குத் தெரியாதா?"

அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது. வேலை தெரிந்தவன்தான், ஆனாலும் அன்றைக்கு ஏதாவதொரு பிடிமானம் அவனுக்கு வேண்டியிருந்தது.

பத்து மணிக்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை ஸ்ரீதரின் வீட்டார் தாம்பரத்திலிருந்து வேன் வைத்து வந்தார்கள். ஸ்ரீதரின் அம்மா மஞ்சுளா கலகலப்பான மனுஷி. வந்த ஐந்தாவது நிமிடம் பிரவீனாவைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள்.

"உன் வூட்டுக்காரர் வரலியாம்மா?"

"லீவு கிடைக்கலங்க" என்றாள் பிரவீனா. பத்தடி தூரத்தில் வேர்த்து விறுவிறுத்துப் படமெடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரனைப் பார்க்காமலிருக்க மெனக்கெட்டாள்.

"ஞாயித்துக்கிழமகூடவா? என்னா கம்பெனியோ! சரி, அந்த போட்டோக்காரத் தம்பிய இப்படிக் கூப்புடு. எங்க நாத்தனாரு கூட ஒண்ணு எடுத்துக்கறேன்."

பிரவீனா வாய் தவறி, "என்னாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். "இங்க கொஞ்சம் வாங்க."

கூப்பிட்ட வேகத்தில் அவன் வந்து நின்றான். மஞ்சுளா இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாத்தனாரின் முந்தானையைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டாள்.

லக்னப் பத்திரிகை வாசித்து முடித்தார்கள். தட்டு மாற்றும் நேரம் வந்தது. இனியவன் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்று, கோட்டோடு கோடு சேர்த்து வைத்தான். அண்ணாதுரை வெற்றிலைத் தட்டோடு மேடையேறினார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "கொஞ்சம் முன்னால வாங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அண்ணாதுரை இரண்டடி முன்னால் வந்தார். எதிரே ஸ்ரீதரின் அப்பாவும் வந்தார். தட்டுகள் கை மாறின. கெட்டிமேளம் ஒலித்தது. கேமரா ஆறேழு முறை கிளிக் என்றது. அவ்வளவுதான், முடிந்தது.

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் பிரவீனா கேமராவை நெருங்கினாள். சின்னத் திரையில் படங்கள் கண்ணைப் பறித்தன. அவள் விடவில்லை. பரிசோதனை பண்ணிப் பழகிய கை.

"பெருசு பண்ணிக் காட்டு."

அவன் பெரிதாக்கினான். அண்ணாதுரையின் முகம் தண்ணீருக்குள் கிடப்பது போல் கலங்கியிருந்தது. தட்டும் அப்படித்தான். அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பூச்சரம் மட்டும் இதழ் இதழாக, துல்லியமாகத் தெரிந்தது. அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

பிரவீனா லென்ஸின் மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். "கோடு நேராத்தான இருக்கு?"

"கோடு நகரல, பிரவீ. உங்கப்பாதான் நகர்ந்தாரு."

போல்ட் இறுக்கின இடத்திலேயே நிற்கும். மனிதர்கள் நிற்க மாட்டார்கள். இவ்வளவு சின்ன விஷயம் தனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று அவளுக்கு அழுகை முட்டியது. இந்த ஒரு நாள் வேலையை அவன் சுத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டால் அப்பாவின் மனம் கொஞ்சம் இளகும் என்று எவ்வளவு கணக்குப் போட்டிருந்தாள்! இனி ஆயுசுக்கும், 'அந்த ஒரு போட்டோவக்கூட ஒழுங்கா எடுக்கத் துப்பில்ல' என்பதுதான் பேச்சாக இருக்கும்.

"நீ பாக்கலியா அவர் முன்னாடி வர்றத?"

"பார்த்தேன். 'பின்னால வாங்க'ன்னு ஒரு குரல் கொடுத்திருந்தா போதும். கொடுக்கல."

"ஏன்?"

அவன் லென்ஸ் மூடியை மாட்டினான். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "மெமரி கார்டு போச்சுன்னு சொல்லிடலாம். மிஷின் கோளாறுக்கு யார் இன்னா பண்ண முடியும்?"

"முடுக்காத போல்ட்டுக்குக் கோடு மட்டும் இழுத்து அனுப்பிருவியா நீ?"

இனியவன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராகப் பந்திக் கூடத்துக்கு நடந்தான். பிரவீனா பின்னாலேயே ஓடினாள்.

அண்ணாதுரை வாசலில் நின்று இலை போடுகிறவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். இனியவன் எதிரில் வந்து நின்றதும் பார்வையைக் கூரைக்கு ஏற்றிக்கொண்டார்.

"தட்டு மாத்துன போட்டோ சரியா வரல. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. அது மட்டும் போச்சு. தப்பு எம்மேலதான்" என்றான் இனியவன்.

கூரையிலிருந்து பார்வை இறங்கியது. அண்ணாதுரை அவனைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக் கேட்டார். "எப்டி போச்சாம்?"

"கேமரால தானா பிடிக்கறது ரிப்பேருப்பா. கையால வச்சிருந்தாரு. நீங்க ரெண்டடி முன்னாடி வந்துட்டீங்க."

"வந்தா சொல்றதுதான? மண்டபத்துல கீறவனெல்லாம் எனக்கு ரோசனை சொன்னான். வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்தான்?"

"எப்படிக் கூப்பிட்டுச் சொல்ல?" என்று இனியவனே பதில் சொன்னான். "சாருன்னு கூப்பிட நாக்கு வரல. வேற மாதிரி கூப்பிட எனக்கு உத்தரவு இல்ல. அந்த யோசனையிலயே நேரம் போயிட்டு."

சாம்பார் வாளியோடு ஒரு பையன் மூவருக்கும் இடையில் புகுந்து போனான். அண்ணாதுரை தோள்துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் கழுத்து நரம்பு புடைத்தால் கோபம் என்று பிரவீனாவுக்குத் தெரியும். புடைக்கவில்லை. ஆனால் சமாதானமானால் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அவர் விடுவிடுவென்று மஞ்சுளாவிடம் போனார். "சம்மந்தியம்மா, தட்டு போட்டோ சரியா வுழலியாம். இன்னொரு தபா வந்து நிக்கணும்."

"மாத்தின தட்ட மறுபடி மாத்தலாமாண்ணே?"

"மாத்தினது மாத்தினதுதான். இது சும்மா போட்டோவுக்கு."

சாப்பாடு தள்ளிப்போகிறதே என்று நாலைந்து பேர் முனகினார்கள். ஆனாலும் மேடையில் கூடிவிட்டார்கள். இனியவன் இந்த முறை ஸ்டாண்டை ஒதுக்கிவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தான். கண்ணைப் பொருத்தி, வளையத்தில் விரல் வைத்தான். "அம்மா, நீங்க கொஞ்சம் இடது பக்கம். ஐயா, தட்ட இறக்கிப் பிடிங்க." எல்லாரும் சொன்னபடி கேட்டார்கள்.

அண்ணாதுரை மட்டும் மறுபடி ஓரடி முன்னால் வந்து ஸ்ரீதரின் அப்பாவை மறைத்துக்கொண்டு நின்றார். தெரியாமல் வந்தாரா, வேண்டுமென்றே வந்தாரா என்று பிரவீனாவால் சொல்ல முடியவில்லை. முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றான் இனியவன். குரல் கொஞ்சம் பிசிறியது. "ஒரு எட்டு பின்னால வாங்க."

அண்ணாதுரை ஒரு எட்டு பின்னால் போனார்.

"இன்னும் அரை எட்டு, மாமா."

"போதுமா? இல்ல, செவுத்துலயே ஒட்டிக்கட்டுமா?"

"போதும். அசையாம நில்லுங்க."

கேமரா கிளிக் என்றது. இனியவன் நிதானமாக வளையத்தை ஒரு மயிரிழை திருப்பி மறுபடி எடுத்தான். அதுவரை பொறுமையாக இருந்த மஞ்சுளா, தட்டுக்கு மேலாக அண்ணாதுரையின் பக்கம் சாய்ந்தாள்.

"மாமாவா? இன்னாண்ணே இது?"

அண்ணாதுரை தொண்டையைச் செருமினார். கனிஷ்கா மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், சிரிப்பு வந்துவிட்டது.

"பெரிய மாப்ள" என்றார் அண்ணாதுரை. "லீவு கிடைக்கலன்னு சொன்னது நாந்தான். லீவு குடுக்காதவனும் நாந்தான்."

"காலையிலயே நெனச்சேன்! 'என்னாங்க'ன்னு கூப்ட்டப்பவே நெனச்சேன்!" மஞ்சுளா தட்டை நாத்தனாரிடம் திணித்துவிட்டு இறங்கியே வந்துவிட்டாள். "வூட்டு மாப்ளய வேர்க்க வேர்க்க நிக்கவச்சி வேல வாங்கிகினு, நாங்க இலை போட்டு உக்காரவா? குடும்ப போட்டோல அவர் இல்லன்னா எம்புள்ளயும் இல்ல. ஏறுப்பா மேல!"

"அப்ப எடுக்கறது யாரு?" என்றான் ஸ்ரீதர்.

இனியவன் கேமராவின் வாரை பிரவீனாவின் கழுத்தில் மாட்டிவிட்டான். "கோட்டப் பார்க்காத, ஆளப் பாரு" என்று காதோரம் சொல்லிவிட்டு மேடையேறினான். லீலாம்மா அவன் கையைப் பிடித்து அண்ணாதுரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மனிதர் சற்றுத் தள்ளி, அரையடி பின்வாங்கியே நின்றார்.

பிரவீனா கண்ணைப் பொருத்தினாள். வளையத்தை மெல்லத் திருப்பினாள். அப்பாவின் மீசை நரை தெளிந்தது. இனியவன் மங்கினான். எதிர்ப்பக்கம் திருப்பினாள். இனியவன் நெற்றி வியர்வை தெளிந்தது. அப்பா கலங்கினார். இரண்டு தூரத்தில் நிற்கிற இரண்டு பேரை இந்த லென்ஸ் ஒன்றாகப் பிடிக்காது.

"அப்பா, அவர் பக்கத்துல வாங்க. தோளுக்குத் தோள் சரியா நில்லுங்க."

"இதுக்கு மேல எங்கடி வர்றது?"

"அரை அடிதாம்பா."

அண்ணாதுரை முணுமுணுத்தபடி நகர்ந்தார். தோள்கள் இடித்துக்கொண்டன. அவள் வளையத்தை நகர்த்தினாள். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது, திரும்பி வந்தாள். இரண்டு முகங்களும் சேர்ந்தாற்போல் வெளிச்சத்துக்கு வந்தன. அழுத்தினாள்.

"முடிஞ்சுதா? ஜனங்க பசியோட கீது" என்றார் அண்ணாதுரை.

பிரவீனா திரையில் படத்தைப் பெரிதாக்கி முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் நகர்த்தி அவனைப் பார்த்தாள்.

"அப்படியே நில்லுங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்றாள்.